புனேயின் குளிரும் ஓர் ஆர்ட்டிசோக் மொட்டும்

புனேயில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மறுநாள் காலை அது செய்தி. சிவாஜிநகரில் எவ்வளவு, பாஷாணில் எவ்வளவு, மகர்பட்டாவில் எவ்வளவு என்று ஊரே ஒப்பிட்டுப் பார்க்கும். ஸ்வெட்டரைத் தேடி எடுத்து வைப்பதோடு மனிதர்களுக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த மாவட்டத்தில் வளரும் இரண்டு செடிகளுக்கோ அந்தக் குளிர் அப்படிச் சுலபமாக முடிவதில்லை. ஒன்று வெங்காயம். மற்றொன்று, வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆசைப்பட்டு விதை வாங்கிவிட்டு, பிறகு மொட்டு வரவில்லையே என்று ஏங்கும் ஆர்ட்டிசோக்.

சாகண், மஞ்சர், ராஜகுருநகர் பக்கத்து வெங்காய விவசாயிக்கு நீண்ட குளிர் பிடிக்காது. ஓரளவு பருத்துவிட்ட வெங்காயச் செடி தொடர்ந்து குளிரில் நின்றால், கிழங்கைப் பெருக்குவதை விட்டுவிட்டுப் பூத்தண்டை நீட்டிவிடும். மராத்தி விவசாயிகள் அதை டெங்களா என்பார்கள். டெங்களா விட்ட வெங்காயத்தின் நடுவே கட்டையாய் ஒரு தண்டு நிற்கும், சந்தையில் விலை போகாது, வைத்திருந்தாலும் சீக்கிரம் அழுகும். வெங்காயம், பூண்டு ஆராய்ச்சிக்கான மத்திய அரசின் இயக்குநரகம் ராஜகுருநகரிலேயே இருக்கிறது. எளிதில் தண்டு விடாத வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பது வெங்காய ஆராய்ச்சியின் பழைய வேலைகளில் ஒன்று. ஆர்ட்டிசோக் வளர்ப்பவருக்கு வேண்டியதோ அந்தத் தண்டுதான். அதன் நுனியில் உட்காரும் மொட்டைத்தான் அவர் சாப்பிடப் போகிறார். உயிரியலில் இரண்டும் ஒரே நிகழ்ச்சி. ஒருவருக்கு அது நட்டம், இன்னொருவருக்கு அறுவடை.

தமிழில் கூனைப்பூ என்று சிலர் எழுதும் இந்தக் காய், நம்மில் பலருக்குப் பீட்சாவின் மேல் கிடக்கும் வெளிர்பச்சைத் துண்டாகவோ, உப்புநீரில் ஊறிய இறக்குமதிப் புட்டியாகவோதான் அறிமுகம். செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலும் முள் நிறைந்த கிளை. மத்தியதரைக் கடலோரங்களில் இன்றும் காட்டில் முளைக்கும் கார்டூன் என்ற முட்செடிதான் இதன் மூதாதை. சிறிய, முள் குத்தும் மொட்டுகளைக் கொண்ட அந்தக் காட்டுச் செடியிலிருந்து, சதைப்பற்றுள்ள பெரிய மொட்டைத் தரும் வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் பொறுக்கி எடுத்தார்கள். இத்தாலி, எகிப்து, ஸ்பெயின் ஆகியவை இன்று முன்னணி உற்பத்தி நாடுகள். விதை வாங்கும்போது ஒரு கவனம் தேவை. ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்ற பெயரில் விற்பது வேறு செடி. அது சூரியகாந்தியின் நெருங்கிய உறவு, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. புனேயில் அதை வளர்ப்பது இதைவிட எளிது என்றாலும், இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

வாழைப்பூ ஆய்ந்து பழகியவர்களுக்கு ஆர்ட்டிசோக்கை ஆய்வது பாதி தெரிந்த வேலை. இரண்டிலும் மடல் மடலாக உரித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஆனால் எறிவதும் எடுப்பதும் தலைகீழ். வாழைப்பூவில் மடலை எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் சிறு பூக்களைக் கள்ளன் நீக்கி எடுத்துக்கொள்கிறோம். ஆர்ட்டிசோக்கில் உள்ளே நெருங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் தொண்டையில் ஒட்டும் வெறும் நார். அவற்றைச் சுரண்டி எறிய வேண்டும். சாப்பிடுவது மடல்களின் சதைப்பற்றுள்ள அடிப்பகுதியையும், பூக்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் தடித்த பீடத்தையும். நறுக்கியவுடன் கறுத்துப்போவதில் இரண்டும் ஒன்று. திசு வெட்டுப்படும்போது அதிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் காற்றோடு சேர, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி அவற்றைப் பழுப்பு நிறமியாக மாற்றுகிறது. புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். நம் வீடுகளில் வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுவதும், இத்தாலியச் சமையலறைகளில் ஆர்ட்டிசோக்கை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுவதும் அதனால்தான்.

இனி மொட்டின் கதைக்கு வருவோம். ஆர்ட்டிசோக் விதை போட்டால் புனேயில் செடி வருமா என்று கேட்டால், தாராளமாக வரும். சாம்பல் பூத்த பச்சையில் பெரிய பெரிய வெட்டு இலைகளோடு ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து, பார்ப்பவர்கள் கேட்டுவிட்டுப் போகும்படி நிற்கும். அவ்வளவுதான். குளிர் போதவில்லை என்றால் ஆண்டு முழுக்க இலையாகவே நின்றுவிடும். உரம் குறைவோ, கைராசி இல்லையோ என்று தோட்டக்காரர் தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் செடி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது, அந்தக் கணக்கு நிறையவில்லை.

பூப்பதற்கு முன் நீண்ட குளிர் வேண்டும் என்ற இந்தத் தேவையை வெர்னலைசேஷன் என்பார்கள். தமிழில் குளிர்ப்பதனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்டாவ் காஸ்னர் 1918-ல் ரை என்ற தானியத்தின் குளிர்கால வகையை வைத்து இதை முறையாக ஆராய்ந்தார். பிறகு சோவியத் நாட்டில் டிரோஃபிம் லைசென்கோ இதே நிகழ்வைக் கையில் எடுத்தார். குளிர் பட்ட விதையின் குணம் சந்ததிக்கும் போகும் என்று சாதித்து, மறுத்த மரபியலாளர்களை அரசின் பலத்தால் ஒடுக்கினார். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகம் சுற்றிய நிகோலாய் வவிலோவ் 1943-ல் சரத்தோவ் சிறையில் இறந்தது அந்தக் கதையின் ஒரு பகுதி. ஒரு நல்ல கண்டுபிடிப்புக்கு இவ்வளவு கெட்ட வாரிசு வாய்த்தது அறிவியல் வரலாற்றில் அரிது.

குளிரைச் செடி எப்படி நினைவில் வைக்கிறது என்பது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகே பிடிபடத் தொடங்கியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்ஸிஸ் என்ற சிறு செடியில் எஃப்எல்சி என்றொரு மரபணு பூப்பதைத் தடுக்கும் பிரேக்காக இருக்கிறது. வாரக்கணக்கில் குளிர் நீடிக்கும்போது, செல் ஒவ்வொன்றாக அந்த மரபணு இறுகச் சுற்றப்பட்டு வாயடைக்கப்படுகிறது. ஒருமுறை அடைக்கப்பட்டால், செல் பிரிந்து பெருகினாலும் அந்த அடைப்பு தொடர்கிறது. அதனால்தான் ஜனவரியில் பட்ட குளிர் மார்ச்சில் நினைவிருக்கிறது. விதை உருவாகும்போது எல்லாம் அழிக்கப்பட்டு, அடுத்த தலைமுறை முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் குழுவினர் செய்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. ஆர்ட்டிசோக்கிலும் இதே மரபணுதான் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோதுமையில் வேலை செய்பவை வேறு மரபணுக்கள். தாவரக் குடும்பங்கள் தனித்தனியாக இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காரணம் மட்டும் பொது: இலையுதிர் காலத்தில் முளைத்த செடி, இடையில் வரும் நாலு நாள் இளவெயிலை வசந்தம் என்று நம்பிப் பூத்துவிட்டால் உறைபனியில் பூவெல்லாம் கருகிவிடும். முழுக் குளிர்காலமும் கழிந்ததற்கான சான்று கிடைத்த பிறகே பூப்பது அதற்குப் பாதுகாப்பு.

இந்த உயிரியலிலிருந்து தோட்டக்காரருக்கு நேரடியாக இரண்டு செய்திகள். குளிரை உணர்வது செடியின் வளர்நுனி. ஆகவே தொட்டி மண்ணில் ஐஸ் கட்டி போடுவது வீண். அடுத்து, அந்த நுனியில் உயிர்ப்புள்ள, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் இருக்க வேண்டும். காய்ந்த விதைப் பாக்கெட்டை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் விதை கெடாமல் இருக்கும், குளிர்க் கணக்கு ஏறாது. நீர் குடித்து விழித்த விதைக்குத்தான் கணக்கு.

ஆர்ட்டிசோக்குக்கு எவ்வளவு குளிர்? வகைக்கு வகை மாறும். 10 டிகிரிக்குக் கீழ் சுமார் 250 மணி நேரம் என்பது அமெரிக்கத் தோட்டக்கலை வழிகாட்டிகளில் பரவலாகக் காணும் அளவு. இப்போது புனேயை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் இரவின் சராசரிக் குறைந்தபட்சம் 11, 12 டிகிரியை ஒட்டி நிற்கும். 1935 ஜனவரியில் 1.7 டிகிரிவரை இறங்கியதாகப் பதிவு உண்டு, அது விதிவிலக்கு. குறைந்தபட்சம் 9 டிகிரி என்று செய்தி வரும் ஓர் இரவில், பாதரசம் 10-க்குக் கீழே போவது விடியற்காலை மூன்று, நான்கு மணி நேரம் மட்டுமே. அப்படி 20 இரவுகள் வாய்த்தாலும் 60 முதல் 80 மணி நேரம்தான். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. பகலில் 29 டிகிரிக்கு ஏறுகிற வெயில் வேறு, இரவில் சேர்த்ததைக் கொஞ்சம் அழிக்கக்கூடும். குளிருக்குப் பின் உடனே வரும் வெப்பம் குளிர்ப்பதனத்தைக் கலைப்பது பல பயிர்களில் கண்ட உண்மை.

ஒரு சலுகை உண்டு. வானிலைத் துறை சொல்வது, தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் நிழல்பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் அளவு. மேகமற்ற இரவில் திறந்த வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் இலை தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். மகாபலேஷ்வரில் காற்றின் வெப்பநிலை சுழியத்தைத் தொடாத இரவுகளிலும் வென்னா ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிவது இப்படித்தான். எனவே டிசம்பரில் ஆர்ட்டிசோக்கை நிழல்வலைக்கு அடியில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பகலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும். பாஷாண் பக்கம் குடியிருப்பவருக்கு இதில் அதிர்ஷ்டம். கோரேகாவ் பார்க், மகர்பட்டா பக்கம் இரவுகள் சில டிகிரி இதமாகவே இருக்கும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றைச் செடியருகே தொங்கவிட்டால், செய்தித்தாளை நம்பாமல் உங்கள் மாடியின் கணக்கை நீங்களே எழுதலாம். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து 1928-ல் குடிபெயர்ந்து வந்த ஊர் இது. அந்தக் கட்டடத்தை இன்றும் சிம்லா ஆபீஸ் என்றே அழைக்கிறார்கள். வெப்பநிலையைப் பதிவதை இங்கே யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

மீதிக் குளிரைச் செயற்கையாகத்தான் கொடுக்க வேண்டும். சமையலறை ஃபிரிட்ஜ் அதற்குப் போதும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈர மணலிலோ நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவிலோ கலந்து, மூடி போட்ட டப்பாவில் 4 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் 336 மணி நேரம் கிடைத்துவிடுகிறது. புனேயின் பல குளிர்காலங்கள் சேர்ந்தும் தராத அளவு இது. பழத் தட்டில் வைக்காதீர்கள். ஆப்பிளும் வாழையும் விடும் எத்திலீன் வாயு முளைகளுக்கு நல்லதல்ல. நுனிவேர் எட்டிப் பார்த்ததும் எடுத்து நட வேண்டும். எல்லா விதையும் ஒரே மாதிரி பதில் சொல்லாது. ஆர்ட்டிசோக் அயல்மகரந்தச் சேர்க்கையில் வாழும் செடி என்பதால் விதைக்கு விதை குணம் மாறும். அதனால்தான் ஐரோப்பிய விவசாயிகள் நெடுங்காலம் விதையை நம்பாமல் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டுவந்தார்கள். விதையிலிருந்து ஒரே ஆண்டில் மொட்டெடுக்கலாம் என்ற நிலைமை, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட இம்பீரியல் ஸ்டார் போன்ற, குறைந்த குளிரில் திருப்தியடையும் வகைகளால் வந்தது. புனேயில் நடுவதற்கும் அதையே சொல்வேன். கடைகளில் எளிதில் கிடைக்கும் கிரீன் குளோப் பழைய, நல்ல வகைதான். ஆனால் அதன் குளிர்ப் பசி பெரிது.

இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. அதன் பெயர் புனே மாவட்டத்து திராட்சை விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும்: ஜிப்ரலிக் அமிலம். நாராயண்காவ், ஜுன்னர், பாராமதி பக்கம் விதையில்லாத் திராட்சையின் மணிகள் நீண்டு பருக்க இதைத்தான் கரைத்து அடிக்கிறார்கள், அல்லது குலையை அதில் முக்கி எடுக்கிறார்கள். தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் நகரின் விளிம்பில், மாஞ்சரியில் இருக்கிறது. இந்த ஹார்மோனின் பிறப்பு வேடிக்கையானது. ஜப்பானிய நெல் வயல்களில் சில நாற்றுகள் கோணலாக விடுவிடுவென்று உயர்ந்து, கதிர் விடாமல் சாய்ந்துவிடும். அதற்கு ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று எயிச்சி குரோசாவா 1926-ல் காட்டினார். தெய்ஜிரோ யபுதா 1935-ல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். செடிகள் தங்களுக்குள்ளேயே இதைச் சுரக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. குளிர் கேட்கும் பல செடிகளுக்கு, குளிர் செய்யும் வேலையின் ஒரு பகுதியை இந்தப் பொருள் செய்துவிடும். எகிப்து உள்ளிட்ட வெப்ப நாடுகளில் ஆர்ட்டிசோக்கை முன்கூட்டிப் பூக்கவைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற மெல்லிய கரைசலை, நட்டு ஆறேழு வாரத்துக்குப் பின் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை குருத்தில் படும்படி தெளிப்பது பொதுவான முறை. தண்ணீரில் நேராகக் கரையாத தூள் வடிவம் என்றால் முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். அளவு கூடினால் தண்டு மட்டும் ஒல்லியாக ஓடி, மொட்டு சூம்பிப்போகும். இந்தக் குறுக்குவழியைப் பற்றி எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குளிர் ஒரு பாதி என்றால் மழை மறுபாதி. மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். ஆர்ட்டிசோக்கின் உடம்பு அந்த நாட்காட்டிக்குப் பழகியது. மழையில் வளர்ந்து, வசந்தத்தில் மொட்டு விட்டு, கோடையில் மேல்பகுதி காய்ந்து, மண்ணுக்கடியிலுள்ள தண்டுக்கட்டை உறங்கும். புனேயின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். ஆண்டு மழையான சுமார் 750 மில்லிமீட்டரில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள், வெதுவெதுப்பான மண்ணில் கொட்டிவிடும். செடி உறங்க வேண்டிய நேரத்தில் அதன் கழுத்து நாள்கணக்கில் ஈரத்தில் ஊறும். தக்காணத்தின் கரிசல் களிமண் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் அழுகல் நிச்சயம். கலிஃபோர்னியாவின் கடற்கரை மூடுபனியில் ஐந்தாறு ஆண்டு வாழும் செடியைப் புனேயில் ஒரு பருவத்துப் பயிராகவே நடத்த வேண்டும். மழைக்காலம் தாண்டிக் காப்பாற்ற முயல்கிறவர்களின் பொறுமையைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

நமக்குச் சரியான கால அட்டவணையை மகாபலேஷ்வரின் ஸ்ட்ராபெரி விவசாயிகள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் வெளியிலிருந்து வந்த குளிர்ப்பயிர்தான். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் நட்டு, குளிர்காலத்தில் பறிக்கத் தொடங்கி, வெயில் முற்றுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். ஆர்ட்டிசோக்குக்கும் அதே. ஆகஸ்டில் விதையை ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். ஆகஸ்ட் இறுதியில் மழை படாத பால்கனியில் நாற்றுத் தட்டில் முளைக்கட்டும். அக்டோபர் நடுவில் பருவமழை விடைபெற்றதும் நிலத்திலோ பெரிய தொட்டியிலோ மாற்றலாம். இம்பீரியல் ஸ்டார் நாற்று மாற்றி நட்ட 90 முதல் 100 நாளில் மொட்டுவிடும் வகை. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரைதான் அறுவடைக்கான காலம். மார்ச் நடுவில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மடல்கள் விரிந்து நாராகி, கசப்பும் ஏறும்.

மாடித் தோட்டக்காரர்கள் 12 அங்குலக் குரோ பேக்கில் இதை முயன்று பார்க்க வேண்டாம். வேர் ஆழமாகப் போகும், இலைவிரிவு ஒரு மீட்டருக்கு மேல். 50, 60 லிட்டர் கொள்ளும், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம் ஒரு செடிக்குச் சரி. ஈர மண்ணோடு அது எண்பது கிலோவை நெருங்கும் என்பதால் மாடியில் தூண், உத்திரம் வரும் இடம் பார்த்து வையுங்கள். மண்ணில் கரிசலைக் குறைத்து, செம்மண், மக்கிய தொழுவுரம், மணல் கூட்டினால் நீர் வடியும். நைட்ரஜன் பசி அதிகம் என்பதால் மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் மாதாமாதம் கொடுக்கலாம். கரும்புத் தோகை இந்த மாவட்டத்தில் மலிந்து கிடப்பது. அதை மூடாக்காகப் போட்டால் வேர்ப்பகுதி குளுமையாக இருக்கும். வறண்ட காற்றில் தண்ணீர் தவறினால் உள்மடல்களின் நுனி கறுக்கும். வேர் உறிஞ்சும் கால்சியம் வேகமாக வளரும் நுனிக்குப் போய்ச் சேராததன் விளைவு அது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தாலும் நீரோட்டம் நின்றால் இப்படி ஆகும். பூச்சிகளில் அசுவினிதான் தொல்லை. மடலுக்குள் புகுந்துவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் எட்டாது. ஆகவே மொட்டு இறுகுவதற்கு முன்பே கவனிக்க வேண்டும்.

நடுத்தண்டின் தலைமொட்டுதான் பெரியது. அதை வெட்டிய பின் பக்கத் தண்டுகளில் சிறியவை வரும். மடல்கள் இறுக மூடியிருக்கும்போதே, இரண்டு விரல் நீளத் தண்டோடு வெட்டுங்கள். ஒரு செடிக்கு நாலைந்து உருப்படியான மொட்டு கிடைத்தால் புனேக்கு அது நல்ல விளைச்சல். ஒரு சதுர மீட்டர் இடத்தையும் ஐந்து மாதத்தையும் வாங்கிக்கொண்டு நாலு மொட்டு தருவது, வெந்தயக்கீரையும் தக்காளியும் தரும் வரவோடு பார்த்தால் மோசமான வியாபாரம். வீட்டுக் காய்கறிச் செலவைக் குறைக்க விரும்புகிறவர் இதன் பக்கம் வரவே வேண்டாம்.

சுவைக்காக வரலாம். 1934-ல் அமெரிக்க அறிவியலாளர் கூட்டமொன்றின் விருந்தில் ஆர்ட்டிசோக் பரிமாறப்பட்டது. மரபியலாளர் ஏ. எஃப். பிளேக்ஸ்லீ, விருந்துண்ட சுமார் 250 உயிரியலாளர்களிடம் அதன் பின் குடித்த தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டார். 60 விழுக்காட்டினர் தண்ணீரின் சுவை மாறியிருந்தது என்றார்கள், பெரும்பாலானோருக்கு இனித்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. 1972-ல் லிண்டா பார்ட்டோஷுக்கும் சக ஆய்வாளர்களும், இதற்குச் சயனரின், குளோரோஜெனிக் அமிலம் என்ற இரண்டு சேர்மங்கள் பொறுப்பு என்று காட்டினார்கள். அவை தண்ணீரில் சர்க்கரை எதையும் சேர்ப்பதில்லை. சில நிமிடங்களுக்கு நாக்கையே மாற்றிவைக்கின்றன. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இது அதிசயமாகத் தோன்றாது. ஆனால் சாப்பாட்டில் மற்ற பதார்த்தங்களின் சுவையையும் இது குழப்பும் என்பதால் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறாதீர்கள். பீடத்தில் இருக்கும் கார்போஹைட்ரேட் பெரும்பாலும் இன்யூலின். நம் குடலின் நொதிகளால் அதை உடைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் உடைக்கும். முதல்முறை சாப்பிடுகிறவர் கொஞ்சமாகச் சாப்பிடுவது, வயிற்று உப்புசத்தைத் தவிர்க்க நல்லது.

இப்போது ஜிப்ரலினைப் பற்றிய என் ஆட்சேபம். அதற்கு முன் காலிஃபிளவர். அதுவும் குளிர் கேட்கும் ஐரோப்பியப் பயிர்தான். நாம் தின்பதும் வளர்ச்சி நின்ற பூங்கொத்துதான். 1822-ல் சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த டாக்டர் ஜெம்சன் இங்கிலாந்திலிருந்து அதை வரவழைத்தார். வட இந்திய விவசாயிகள் நூறு ஆண்டுக்கும் மேலாக, வெயிலிலும் ஈரத்திலும் முந்திப் பூ கட்டிய செடிகளிலிருந்து விதை எடுத்து, அடுத்த ஆண்டு அதையே விதைத்து வந்தார்கள். விளைவு, 20, 25 டிகிரி வெப்பத்திலேயே பூ கட்டி, சமவெளியிலேயே விதையும் தரும் இந்தியக் காலிஃபிளவர். வெப்ப நாடுகள் பலவற்றிலும் வளர்வது அந்தப் பரம்பரைதான். ஆர்ட்டிசோக்கும் ஆங்கிலேயரோடு வந்த காய்தான். ஊட்டியில் 1845-ல் வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டித் தங்கள் காய்கறிக்காகத் தோட்டம் போட்டார்கள். அரசு தாவரவியல் பூங்காவின் தொடக்கம் அது. 19-ம் நூற்றாண்டில் புனேயில் தாவரவியல் கற்பித்து, கணேஷ்கிண்ட் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜார்ஜ் மார்ஷல் உட்ரோ இந்தியத் தோட்டக்கலை பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் காலிஃபிளவர் விவசாயி கைக்குப் போனது, ஆர்ட்டிசோக் போகவில்லை. சாப்பிடுகிறவர் இல்லாத காய்க்கு விதை சேர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

அதே முட்குடும்பத்தில் இந்த மண்ணோடு ஒன்றிப்போன உறவு ஒன்று இருக்கிறது: குசும்பா. மராத்தியில் கரடை. சோலாப்பூர், மராட்வாடா கரிசலில் மழை முடிந்தபின் விதைத்து, மண்ணில் தேங்கிய ஈரத்தை ஆழவேரால் உறிஞ்சியே விளையும் எண்ணெய்ப் பயிர். இளம் இலையைக் கீரையாகவும் சமைப்பார்கள். புனேயிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் உள்ள பல்டணில் 1968-ல் தொடங்கிய நிம்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், முள்ளில்லாக் குசும்பாவைத் தேர்ந்தெடுத்து விவசாயிகளுக்குத் தந்தது. முட்செடியிலிருந்து வேண்டாத குணத்தைப் பொறுக்கி விலக்குவது இந்தப் பகுதிக்குப் புதிய கலை அல்ல.

ஜிப்ரலின் தெளித்தால் எல்லாச் செடியும் மொட்டுவிடும். எந்தச் செடிக்கு இயல்பாகவே குளிர்ப் பசி குறைவு என்பது அதில் மறைந்துபோகும். ஃபிரிட்ஜும் ஓரளவு அதையே செய்கிறது. வேறு வழியில்லாத வணிக விவசாயிக்கு அது சரி, ஆறு செடி வைத்திருக்கும் வீட்டுத் தோட்டக்காரர் அந்தத் தகவலை இழக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த அக்டோபரில் நடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் குளிரூட்டிச் சாப்பாட்டுக்கு வளருங்கள். மறுபாதிக்கு ஃபிரிட்ஜும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம், புனேயின் குளிர் மட்டும் போதும். அதில் பெரும்பாலானவை இலையாகவே நிற்கும். ஒன்றிரண்டு மொட்டுவிட்டால் வெட்டாமல் பூக்க விடுங்கள். ஊதா நிறப் பூவுக்குத் தேனீக்கள் தாமாக வரும். ஒவ்வொரு சிறு பூவிலும் மகரந்தம் முதலில் உதிர்ந்து, சூலகமுடி பிந்தித்தான் தயாராகும் என்பதால், அடுத்த மாடியில் இன்னொரு செடி பூத்திருந்தால் விதை நன்றாகப் பிடிக்கும். மே இறுதியில், மழை வருமுன் காய்ந்த பூத்தலையை உதிர்த்து விதையை எடுத்து, செடி மொட்டுவிட்ட தேதியை உறையின்மேல் எழுதி, ஆர்ட்டிசோக் வளர்க்கும் இன்னொருவரிடம் கொடுங்கள்.